அடுத்த வளைவு வரை

ஒரு நூலின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலைப் பிடித்த இடத்திலிருந்து கல்லின் நடு வரை 40 செ.மீ. இருக்கட்டும். மெதுவாக ஆட்டிவிட்டு, பத்து அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 12.7 வினாடி வரும். கல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 0.6 வினாடிக்குச் சற்று அதிகம் ஆகிறது. உங்கள் அவசரம் அதற்குத் தெரியாது.

ஏறக்குறைய இத்தகைய ஊசல் ஒன்றைக் காலாகக் கொண்டு ஓடியவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். 1977-ல், அவருடைய 18-ஆம் வயதில், வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் கண்டது. முழங்காலுக்கு மேலே காலை வெட்டியெடுத்தார்கள்.

ஓடும்போது நம் தசைகள் கீழ்க்காலை வெடுக்கென்று முன்னே கொண்டுவந்துவிடுகின்றன. செயற்கைக் காலின் மூட்டில் தசை ஏது? அது தன் போக்கில் ஆடி வரும்வரை ஓடுபவர் காத்திருக்க வேண்டும். டெர்ரி அந்த இடைவெளியில் நல்ல காலால் கூடுதலாக ஒரு தத்துத் தத்தினார். இடக்காலில் இரண்டு, செயற்கைக் காலில் ஒன்று. இதுதான் அவருடைய தாளம். இதனால் இடக்காலுக்கு வேலை இரட்டிப்பாயிற்று. வெட்டுண்ட காலின் நுனியோ உராய்ந்து புண்ணாகி இரத்தம் கசிந்தது.

1980 ஏப்ரல் 12 அன்று, செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார். நாள்தோறும் ஒரு மாரத்தான், அதாவது 42 கி.மீ., ஓடிப் பசிபிக் கடலை அடைவது, வழியில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது என்பது திட்டம். தொடக்கத்தில் பல ஊர்களில் அவரைக் கவனிப்பாரில்லை. ஆனால் சுமார் 10,000 பேர் வாழ்ந்த போர்ட்-ஓ-பாஸ்க் என்ற சிற்றூர் 10,000 டாலர் கொடுத்தது! தலைக்கு ஒரு டாலர். பின்னர் நாட்டு மக்கள் அனைவரிடமும் அதையே கேட்டார்.

அவரை ஓடவைத்தது எது? வைராக்கியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. சிகிச்சையின்போது அவருக்கு ஒரு கணக்குத் தெரியவந்தது. அவர் பிழைக்க நூற்றுக்கு 50 வாய்ப்பு. இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு நோய் வந்திருந்தால் வெறும் 15. நடுவில் நிகழ்ந்தது ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சி இன்னும் எட்டாத குழந்தைகளையும் அவர் அதே மருத்துவமனையில் பார்த்திருந்தார்.

சரி, கால் வலிக்கும்போது? ஏறத்தாழ 8,000 கி.மீ. தூரத்தை அவர் மனத்தில் சுமக்கவில்லை. இந்த மைல், அந்தப் பெயர்ப்பலகை, அடுத்த வளைவு என்று துண்டு துண்டாக்கிக்கொண்டார். வண்டி ஓட்டிவந்த நண்பர் டக் ஆல்வர்ட் ஒவ்வொரு மைலுக்கும் தண்ணீருடன் காத்திருப்பார்.

143 நாட்களில் 5,373 கி.மீ. ஆயிற்று. வகுத்துப் பாருங்கள்: சராசரி நாளுக்கு 37.6 கி.மீ.! செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு வெளியே இருமலும் நெஞ்சுவலியும் வந்தன. சாலையோரத்தில் ஆட்கள் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் மறையும் வரை ஓடிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

1981 பிப்ரவரியில் நிதி 2 கோடியே 40 இலட்சம் டாலரைத் தாண்டியது. அப்போதைய கனடாவில் தலைக்கு ஒரு டாலர். ஜூன் 28 அன்று டெர்ரி காலமானார். 23 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது.

கை கால்களில் இந்நோய் வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு இன்று உறுப்பை வெட்டுவதில்லை. நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி உலோகத்தைப் பொருத்துகிறார்கள். நுரையீரலுக்குப் பரவிவிட்டால்தான் இன்றும் சிரமம். அங்கே வேலை பாக்கியிருக்கிறது.