குருதி குடித்தது யார்?

இரத்தக் காட்டேரி வருகிறான்! எங்கிருந்து? அங்கேரியிலிருந்து! பெயர்? பிரபு லாவுத். எங்கே வருகிறான்? மெக்சிகோ நாட்டுப் பெரும்பண்ணை ஒன்றுக்கு!

1957-ல் பெர்னாண்டோ மெண்டஸ் இயக்கிய 'எல் வாம்பிரோ' படத்தின் கதை இது. அங்கேரி மண் நிரம்பிய பெட்டி இரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறது. பெயரைத் தலைகீழாகத் திருப்பி 'துவால்' என்று வைத்துக்கொண்டு, பாழடைந்து கிடக்கும் பண்ணையை விலைக்குக் கேட்கிறான் பிரபு. அவன் குறியெல்லாம் பண்ணைக்குச் சொந்தக்காரக் குடும்பத்தின் மீது.

நல்ல படம்தான், மறுக்கவில்லை. கோரைப்பல் நீண்ட காட்டேரியைத் திரையில் காட்டியதில், இங்கிலாந்துக்காரர்கள் 1958-ல் எடுத்த 'டிராகுலா'வுக்கு முந்தியது. பிரபுவாக நடித்த கெர்மான் ரோப்ளெஸ், பிராங்கோ ஆட்சியால் நாடிழந்து மெக்சிகோவுக்கு வந்த ஸ்பானியக் குடும்பத்துப் பிள்ளை. அவர் மீது நமக்கென்ன வருத்தம்?

ஆனால் தோழர்களே, அந்தப் பண்ணையில் உழுதவன் எங்கே? அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் பழங்குடியினர், கலப்பினத்தவர். படத்திலோ அவர்கள் பெட்டி ஏற்றுகிறார்கள், ஏவல் கேட்கிறார்கள், பயந்து ஒதுங்குகிறார்கள். அழகி வெள்ளை, அவளைக் காக்கும் டாக்டர் வெள்ளை, அரக்கனும் வெள்ளை!

1910-ல் புரட்சி வெடிக்கும் முன் அந்தப் பண்ணைகளில் நடந்தது என்ன? கூலிக்குக் காசில்லை, வில்லை. வில்லை செல்லுவது பண்ணைக் கடையில் மட்டும். கடையில் கடன். அப்பன் பட்ட கடன் மகன் தலையில். கடன் தீராமல் ஊரை விட்டு ஓடினால் பிடித்து வந்து அடிப்பார்கள். குருதி குடித்தவன் அங்கேரியிலிருந்து வரவில்லை. பண்ணை மாளிகைக்குள்ளேயே இருந்தான். 1934 முதல் 1940 வரை ஆண்ட கார்டனாஸ், ஏறத்தாழ 4½ கோடி ஏக்கர் நிலத்தை உழவர்க்குப் பிரித்துக் கொடுத்தார். அதற்கு இருபதாண்டுகூட ஆகாத நிலையில், திரையிலே பண்ணை வீட்டாருக்காக நம்மைக் கண்ணீர் விடச் சொல்கிறார்கள்!

பழங்குடியான் முன்னே வந்த படமும் உண்டு. அதே 1957-ல் ரபாயெல் போர்த்தில்யோ எடுத்த 'அஸ்டெக் மம்மி'. பலிக்கென நேர்ந்துவிட்ட பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வீரன் போபோகா, காலங்காலமாகக் கல்லறையில் காவல் கிடக்கிறான். அவன் காக்கும் மார்புக் கவசத்தைப் படித்தவர்கள் எடுத்துப் போகிறார்கள். மீட்க எழுந்து வருகிறான். தன் பொருளைத் திரும்பக் கேட்டவனுக்குப் பெயர் பூதம்! ஐரோப்பியக் காட்டேரிக்குப் பட்டும் பதக்கமும். மண்ணின் மைந்தனுக்கு அழுகிய கந்தல்.

பாட்டாளி கைதட்டி மகிழ்ந்த வீரன் ஒருவன் மட்டும் இருந்தான். 'சாந்தோ'! தெபித்தோ என்ற ஏழைப் பேட்டையில் வளர்ந்த மல்லன். 1942 முதல் வெள்ளி நிற முகமூடி. அந்த முகமூடிக்குள்ளே இருப்பவன் வெள்ளையனா, கறுப்பனா? யாருக்குத் தெரியும்! கூலிக்காரன் தன் முகத்தையே அதற்குள் வைத்துப் பார்த்தான். 1962-ல் 'சாந்தோவும் காட்டேரிப் பெண்களும்' வந்தது. லொரேனா வெலாஸ்கஸ் காட்டேரி அரசி. பெண்ணென்றால் ஒன்று பேய், இல்லையேல் காப்பாற்றப்பட வேண்டிய பேதை என்ற பழைய பல்லவி அதிலும் மாறவில்லை. முடிவில் சாந்தோ தீப்பந்தத்தோடு புகுந்து கொளுத்துகிறார்.

ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் அவர் தோன்றினார். 1984-ல் இறந்தபோது, முகமூடியோடேயே அடக்கம் செய்தார்கள்.