தெளிந்த பிறகே குளோரின்

ஏலூரை ஒட்டிப் பெரியாறு ஓடுகிறது. சற்று மேலே, ஆலுவாவில், அந்த ஆற்று நீரைச் சுத்தம் செய்து கொச்சிக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வருகிறது அல்லவா? அது குளோரின். காலரா, டைபாய்டு கிருமிகளைக் கொல்லும் மருந்து.

மழைக்காலத்து ஆற்று நீரில் மக்கிய இலைச் சாறு கரைந்திருக்கும். குளோரின் அதோடு சேர்ந்தால் குளோரோபார்ம் போன்ற பொருள்கள் உண்டாகும். 1974-இல் நெதர்லாந்து நாட்டு ரூக் என்பவர் இதை எடுத்துச் சொன்னார். அவை அதிக அளவில் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் கெடுதல் வரலாம்.

அதற்காகக் குளோரினே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கிருமி பல ஆண்டுகள் காத்திருக்காது! படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, பிறகு குளோரின் கலந்தால் அந்தப் பொருள்கள் குறையும். கிணற்றிலும் சருகை அள்ளிய பிறகே பிளீச்சிங் பவுடர் போடுங்கள். குழாய் நீரை மூடாமல் கொதிக்க வைத்தால் குளோரோபார்ம் பெரும்பாலும் ஆவியாகிவிடும். சன்னலைத் திறந்து வையுங்கள்.