இளம் பெண்களின் மலைச் சைக்கிளுக்கு ஏற்ற இருக்கை

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே அமைந்த மலைச் சைக்கிள், 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உருப்பெற்றது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் விளையாட்டுகளில் மலைச் சைக்கிள் ஓட்டம் முதன்முதலாக இடம்பெற்றபோது, ஆடவர்க்கும் மகளிர்க்கும் போட்டிகள் நடைபெற்றன. இன்று நம் நாட்டில் இமயமலைச் சாரலிலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் இவ்வகைச் சைக்கிள்களை மாணவியரும் ஓட்டி வருகின்றனர்.

ஆர்வத்துடன் ஓட்டத் தொடங்கும் சிறுமி சில வாரங்களில் சைக்கிளைத் தொடாமல் விட்டுவிடுவதுண்டு. களைப்பே காரணம் என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். ஆனால் சீட் என்று வழங்கும் இருக்கையினால் உண்டாகும் வேதனையும் காரணமாக இருக்கக்கூடும். அதனை வெளியே சொல்ல அவள் கூசுவதால், எளிதில் தீர்க்கக்கூடிய குறை தீர்க்கப்படாமலே நின்றுவிடுகிறது.

எலும்பே தாங்க வேண்டும்

மனிதன் உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென இடுப்பெலும்பின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு புடைப்புகள் உள்ளன. இவற்றை அமர்வெலும்புகள் எனலாம். நல்ல இருக்கை என்பது இவ்விரண்டையும் தாங்கி, இவற்றின் இடையிலுள்ள மென்மையான தசைகளையும் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் அழுத்தாமல் விடுவதேயாகும்.

பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக ஆண்களுடையதைவிட அகன்றது. ஆகவே அமர்வெலும்புகளின் இடைவெளியும் சராசரியில் சற்று மிகுந்திருக்கும். எனினும் இது ஆளுக்கு ஆள் வேறுபடும். மெலிந்த பெண்ணுக்கு இடைவெளி அகன்றும், பருத்த பெண்ணுக்குக் குறுகியும் இருக்கக்கூடும். எனவே உடல் தோற்றத்தைக் கண்டோ, பெண்களுக்குரியது என்னும் பெயரைக் கண்டோ இருக்கையைத் தேர்ந்தெடுப்பது சரியன்று. மேலும், பூப்பெய்தும் காலத்தில் இடுப்பெலும்பு விரிந்து வளர்கிறது. 12 வயதில் பொருந்திய இருக்கை 16 வயதில் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. வளரும் பெண்ணுக்கு ஆண்டுக்கொரு முறை அளவெடுப்பது நலம்.

அளவெடுக்கும் முறை

இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பொருள்கள் அடைத்து வரும் நெளிவட்டையில் ஒரு துண்டைக் கெட்டியான பலகையின்மேல் வைத்து, மெல்லிய உடையுடன் அதன்மேல் அமர வேண்டும். சைக்கிளில் சாய்வதுபோல் முன்புறம் சற்றுச் சாய்ந்து, பாதங்களைத் தரையினின்றும் உயர்த்தி அரை நிமிடம் இருந்தால், அட்டையில் இரண்டு பள்ளங்கள் பதியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்து, அத்துடன் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை கூட்டினால் இருக்கையின் பின்பகுதிக்குரிய அகலம் கிடைக்கும். இடைவெளி 11.5 சென்டிமீட்டர் என்றால், 13.5 முதல் 14.5 சென்டிமீட்டர் அகலமுள்ள இருக்கையிலிருந்து சோதனையைத் தொடங்கலாம். வீட்டிலேயே தனியாகச் செய்யக்கூடியதாதலால் இதில் கூச்சத்துக்கும் இடமில்லை.

மென்மை வேறு, சௌகரியம் வேறு

கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, மிக மென்மையான இருக்கையை வாங்கித் தருவது பெற்றோர் பலரின் வழக்கம். சிறிது நேரம் ஓட்டுவதற்கு அது சுகமாகவே தோன்றும். நெடுநேரம் ஓட்டும்போதோ, அமர்வெலும்புகள் தடித்த மெத்தையில் அமிழ்ந்துவிட, நடுப்பகுதி மேலெழுந்து மென்மையான உறுப்புகளை அழுத்துகிறது. ஆகவே ஓரளவு கெட்டியான மெத்தையே ஏற்றது.

அகன்ற, ஸ்பிரிங் வைத்த இருக்கை நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் சாதாரணச் சைக்கிளுக்குப் பொருந்தும். மலைச் சைக்கிளில் உடல் முன்சாய்ந்திருப்பதால், அவ்வகை இருக்கை தொடைகளை உராய்ந்து புண்ணாக்கும். செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டுபவர் இருக்கையின் முனைக்கு நகர்கிறார். இறக்கத்தில் பெடல்மீது எழுந்து நின்று, உடலை இருக்கைக்குப் பின்னால் கொண்டுசெல்கிறார். எனவே முனை குறுகி மழுங்கியதாகவும், ஓரங்கள் உடையில் சிக்காதபடி வளைந்தனவாகவும் இருத்தல் வேண்டும். நடுவில் நீண்ட பள்ளமோ திறப்போ உள்ள இருக்கை பலருக்கு அழுத்தத்தைக் குறைக்கிறது. சிலருக்கு அத்திறப்பின் விளிம்பே உறுத்துவதுண்டு. ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பொருத்துவதில் கவனம்

புது இருக்கை வாங்குமுன் பழையது சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது சிக்கனமாகும். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அவ்வுயரத்தில் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இருக்கை இதைவிட உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் அசைந்து தோல் உராய்கிறது. இருக்கைக் கம்பியில் குறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும்படி அதனை உயர்த்துதல் ஆபத்தானது. நீண்ட இறக்கங்களில் இருக்கையைத் தாழ்த்திக்கொள்வது பாதுகாப்பானது.

இருக்கை சமதளமாக இருத்தல் வேண்டும். முனை அழுத்தினால் ஓரிரு பாகை கீழ்நோக்கிச் சாய்க்கலாம். மேலும் சாய்த்தால் உடல் முன்னே வழுக்கி, பாரம் கைகளில் விழும். கைப்பிடியின் உயரமும் முக்கியமானது. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, போட்டிகளுக்காகச் சைக்கிள் ஓட்டும் பெண்களைப் பரிசோதித்தது. கைப்பிடி இருக்கையைவிடத் தாழ்ந்திருந்தபோது இருக்கையின் முன்பகுதி தரும் அழுத்தம் மிகுந்தும், அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்தும் காணப்பட்டன. ஆகவே பழகும் காலத்தில் கைப்பிடி இருக்கைக்குச் சமமாகவோ சற்று உயர்ந்தோ இருப்பது நல்லது.

பொறுக்கத்தக்க வலியும் பொறுக்கலாகாத வலியும்

முதல் இரண்டு வாரங்களில் அமர்வெலும்புகளின்மேல் உண்டாகும் இலேசான வலி பழக்கத்தால் மறையும். மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டையும் உதவும். அதனுள் தடித்த தையல்களுள்ள வேறு உடை அணியலாகாது. ஆனால் மரத்துப்போதல், எரிச்சல், வீக்கம், புண் ஆகியவை பழக்கத்தால் தீர்வன அல்ல. அவை நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குவதையோ, தோல் கெடுவதையோ காட்டும் அறிகுறிகள். உடனே ஓட்டத்தை நிறுத்தி இருக்கையைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும். அதன் பின்னும் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவ்வேதனையைப் பொறுத்துக்கொள்வது தைரியத்துக்கு அடையாளமன்று. அதைச் சொல்வது வெட்கத்துக்குரியதுமன்று. “இருக்கை எங்கே அழுத்துகிறது?” என்று தாயோ ஆசிரியையோ இயல்பாகக் கேட்பார்களாயின், குறை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஓர் அட்டைத் துண்டும், ஓர் அளவுகோலும், அந்த ஒரு கேள்வியும் இருந்தால், மலைப் பாதையில் ஏறத் துணிந்த பெண் பாதி வழியில் இறங்க நேராது.