'ஹாட்' என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்லணும்? ஒரு சொல், பல அர்த்தம்... தமிழ் கைகொடுக்குமா?

புளியந்தோப்பு டீக்கடையில் 'சூடா ஒரு டீ' என்கிறோம். பக்கத்து பிரியாணிக் கடையில் சால்னா நாக்கை எரித்தால் 'செம காரம்' என்கிறோம். இங்கிலீஷில் ரெண்டுக்குமே 'ஹாட்'தான். ஜெர்மன் படிப்பவர்கள் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஏன் இது முக்கியம்?

இந்தியத் திறன் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. அங்கே முழு உரிமத்துடன் நர்ஸ் வேலை பார்க்க பொதுவாக 'பி2' அளவு ஜெர்மன் தேவை. வார்டில் ஒரு சொல் மாறினாலும் சிக்கல்தான்.

எந்த 'ஹாட்'டுக்கு எது?

* தொட்டால் சுடும் டீ, கொளுத்தும் வெயில்: 'ஹைஸ்'
* காரமான சட்னி: 'ஷார்ஃப்'. கூர்மையான கத்திக்கும் இதே சொல்தான்!
* ஆறிப்போகாத சூடான சாப்பாடு: பெரும்பாலும் 'வார்ம்'

காரக் குழம்பை 'ஹைஸ்' என்று சொன்னால், எதிரில் இருப்பவர் ஆறட்டும் என்று காத்திருப்பார். ஆறிய பிறகு ஒரு வாய் வைத்தால்தான் விஷயம் தெரியும்!

பெரிய தப்பு எது?

'ஐ ஆம் ஹாட்' என்பதை அப்படியே மாற்றி 'இஷ் பின் ஹைஸ்' என்று சொல்லிடாதீங்க. 'நான் கவர்ச்சியானவள்' அல்லது 'காம வேட்கையில் இருக்கிறேன்' என்ற அர்த்தம் வந்துவிடும். சரியானது 'மியர் இஸ்ட் ஹைஸ்'. 'மியர்' என்றால் 'எனக்கு'.

தமிழிலும் 'நான் குளிர்' என்று சொல்வதில்லையே! 'எனக்கு குளிருது' என்றுதானே சொல்றோம்? ஜெர்மனிலும் அதே கணக்கு: 'மியர் இஸ்ட் கால்ட்'. நோயாளி இப்படிச் சொன்னால் போர்வை கேட்கிறார் என்று அர்த்தம். 'இஷ் பின் கால்ட்' என்றால், 'நான் ஈரமில்லாத ஆள்' என்பதுபோல் ஒலிக்கும்.

எப்படி நினைவில் வைப்பது?

மொபைலில் 'ஹாட்' என்று ஒற்றைச் சொல்லை மட்டும் தட்டினால், முதலில் வருவது 'ஹைஸ்' ஆகத்தான் இருக்கும். அதனால் முழு வாக்கியமாகத் தட்டுங்க. அதற்கு முன், தமிழில் இதை எப்படிச் சொல்வோம் என்று ஒரு நொடி யோசிங்க. சூடா, காரமா, 'எனக்கு'வா? இங்கிலீஷ் ஒன்றாகச் சேர்த்து வைத்ததை, தமிழ் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது.