அளவெடுத்துத் தைத்த யாத்திரை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் ராஜபாட்டையில் வில்லியனூரையும் அரும்பார்த்தபுரத்தையும் கடந்தால் மூலக்குளம் வருகிறது. சனிக்கிழமை காலையில் அங்கே சாலையோரம் அரை நாழிகை நின்று பார்க்கும் எவருக்கும் ஒரு விஷயம் விளங்கும். வெளியூர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒன்றும் நிற்பதில்லை. வண்டிக்குள் இருப்பவர்களின் கண்கள் கைபேசியில் தெரியும் வழிப்படத்தின் மேல் பதிந்திருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது கடற்கரைச் சாலையும், மஞ்சள் வர்ணம் பூசிய பழைய துரைமார் மாளிகைகளும், அவற்றின் வாயிலில் படர்ந்த காகிதப்பூக் கொடிகளுமே. ஞாயிறு மாலை அதே வண்டிகள் அதே வேகத்தில் திரும்பிப் போகின்றன. புதுச்சேரியைப் பார்த்துவிட்டதாக அவர்கள் ஊரில் போய்ச் சொல்வார்கள்.

அவர்களைக் குறை கூற நாம் எழுதவில்லை. விருந்தினர் வருவது ஊருக்கு நல்லது. அதனால் பிழைக்கும் குடும்பங்கள் பல. நமது ஆட்சேபம் வேறு. அதைச் சொல்லுமுன் நெடுந்தூரத்திலுள்ள ஸ்காட்லாந்து தேசத்துக்கு நேயர்களைச் சிறிது அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

'அளவெடுத்துத் தைத்த சுற்றுலா' என்பதாக மேனாட்டில் ஒரு வியாபாரம் செழித்து வளர்ந்திருக்கிறது. எத்தனை நாள், எவ்வளவு பணம், எதில் பிரியம் என்று பிரயாணி சொன்னால் போதும். வண்டியும் சாரதியும் விடுதியும் உணவும் அவருடைய உடம்புக்கு அளவெடுத்த சட்டையைப் போலத் தயாராகிவிடும். இந்த வியாபாரத்துக்கு ஸ்காட்லாந்தைவிட ஏற்ற நிலம் கிடைப்பது அரிது. ஏரிகளும், பனி மூடிய குன்றுகளும், பாழடைந்த கோட்டைகளும், கட்டம் போட்ட கம்பளி உடை தரித்துப் பைக்குழல் ஊதும் ஆட்களும் அங்கே பிரயாணிக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காட்சி எப்படி உண்டாயிற்று? 1746இல் கல்லோடன் போர்க்களத்தில் மலைநாட்டுப் படையை பிரிட்டிஷ் சர்க்கார் முறியடித்தது. அவ்வாண்டிலேயே மலைநாட்டாரின் உடையைத் தடை செய்து சட்டம் இயற்றியது. தன் பாட்டன் உடுத்திய துணியை உடுத்தியவன் சிறைக்குப் போனான். அந்தச் சட்டம் 1782இல்தான் நீங்கியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டின்படி, அந்தத் தடை செய்யப்பட்ட உடையையே அணிந்து காட்சி தந்தார்! உடை திரும்பி வந்தது, உடுத்தியவர்கள் எங்கே? நிலப்பிரபுக்கள் ஆட்டு மந்தைக்காகக் குடிகளை வெளியேற்றிக் கொண்டிருந்தார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் கப்பலேறிக் கனடா போனார்கள்.

1846இல் தாமஸ் குக் என்ற சுற்றுலா வியாபாரி தமது முதல் ஸ்காட்லாந்துக் கூட்டத்தை அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் மலைநாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தொடங்கியது. ஆறு வருஷங்களுக்குப் பின் விக்டோரியா ராணியின் குடும்பம் அந்நாட்டில் பால்மோரல் மாளிகையை விலைக்கு வாங்கியது. ஒரே நாட்டுக்குள் ஒருவன் பசியால் வெளியேறினான். மற்றொருவன் இயற்கையழகு காண உள்ளே வந்தான். ஆளில்லாத அந்தப் பள்ளத்தாக்கின் மௌனத்தை இன்றைய விளம்பரங்கள் 'அமைதி' என்று வர்ணிக்கின்றன.

ஆயினும் ஸ்காட்லாந்தார் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். அதை நாம் மெச்சுகிறோம். வெளியேறியவர்களின் பேரன்மார் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குக் கோட்டை வேண்டாம். தம் பாட்டன் வாழ்ந்த குடிசையின் கல்சுவர் எஞ்சியிருந்தால் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அத்தகையவர்களுக்காகக் கோயிற் பதிவேடுகளையும் சர்க்கார் தஸ்தாவேஜுகளையும் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டைக் கொண்டே யாத்திரை வகுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அளவெடுத்துத் தைப்பது என்றால் இதுவல்லவா?

இனி நமது ஊருக்கு வருவோம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பட்டணம், மேற்கே கறுப்பர் பட்டணம் என்று பிரெஞ்சுக்காரர் பிரித்தார்கள். அவர்கள் 1954ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962ஆம் வருஷம் ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படியும் நீங்கினார்கள். வாய்க்கால் மட்டும் சுற்றுலாக்காரரின் படத்தில் இன்னும் எல்லைக்கோடாகவே இருக்கிறது. சட்டைக்குத் தக்கபடி ஆளை வெட்டியதுபோல, பிரயாணியின் இரண்டு நாளுக்குத் தக்கபடி புதுச்சேரியை வெட்டிவிட்டோம்.

வெட்டி எறியப்பட்ட துண்டில் என்ன இருக்கிறது? வாய்க்காலுக்கு மேற்கே, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908இல் இங்கே அடைக்கலம் புகுந்து 1918 வரை அவர் கழித்த பத்தாண்டுகள் தமிழின் போக்கையே மாற்றின. 1936ஆம் வருஷம் ஜூலை 30ஆம் தேதி உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் மாண்டார்கள். ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 1898இல் எழுந்து 2020இல் மூடப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்காக மாண்டவர்களின் கதையைச் சொல்லும் வழிகாட்டி ஒருவரையேனும் நாம் இதுவரை சந்தித்ததில்லை.

இன்னும் ஒன்று. வெள்ளையர் பட்டணத்தின் நடுவே பாரதி பூங்காவில் வெண்ணிறமான ஆயி மண்டபம் நிற்கிறது. அதைப் படமெடுக்காத பிரயாணி இல்லை. ஆயி என்ற தாசி தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள் என்றும், அதைக் கேள்வியுற்றுப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் மண்டபம் எழுப்பச் செய்தார் என்றும் கதை. கதை எப்படியிருந்தாலும், நீர் வந்த இடம் முத்திரப்பாளையம். மூலக்குளத்தைப் போலவே உழவர்கரைப் பகுதியைச் சேர்ந்த ஊர் அது. துரைமார் தாகம் தீர்த்த தண்ணீர் இந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதான் போயிற்று. மண்டபத்தைப் பார்க்கிறவன் ஊற்றைப் பார்ப்பதில்லை.

நமக்கும் கப்பலேறிப் போனவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களுடைய சந்ததியார் பிரெஞ்சு பேசுகிறார்கள். தமிழ் மறந்து போயிற்று. பெயரில் மட்டும் ஒரு முனியனோ வீராசாமியோ பிரெஞ்சு எழுத்தில் உருமாறி ஒட்டிக்கொண்டிருக்கிறான். அத்தகைய ஒருவர் இங்கே வந்து இறங்கினால் நாம் எங்கே அழைத்துச் செல்கிறோம்? அவருடைய முப்பாட்டனைக் கப்பலேற்றிய துரைமாரின் மாளிகைக்கு! அங்கே அவருக்குப் பிரெஞ்சு ரொட்டி பரிமாறுகிறோம். அதைத்தான் அவர் தம் வீட்டில் தினந்தோறும் தின்கிறாரே.

நாம் விரும்பும் யாத்திரை மூலக்குளத்தில் தொடங்கட்டும். முதல் நாள் காலையில் முத்திரப்பாளையத்து ஊற்று. பிறகு மேற்கே வில்லியனூர். அங்கே திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னரும் வடம் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அந்த ஊர்க் குயவர் கையில் மண் சிற்பமாவதையும் இருந்து பார்க்கலாம். அதற்கும் அப்பால் கீழூர். 1954ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி 178 பிரதிநிதிகள் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டுமென்றார்கள், 8 பேர் கூடாதென்றார்கள். குண்டு வெடிக்காமல் ஒரு சாம்ராஜ்யம் அந்தச் சிற்றூரில் வாக்குச் சீட்டால் முடிந்தது. அந்த நினைவுச் சின்னத்தின் முன் வண்டியை நிறுத்த அரைமணி நேரம் போதும்.

மறுநாள் ஊசுட்டேரிப் பறவைகளையும், ரோமாபுரிச் சாடிகள் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த அரிக்கமேட்டையும், பாரதியார் வீட்டையும் பார்க்கலாம். கடற்கரை எங்கும் ஓடிவிடாது. அதற்குக் கடைசி மாலை இருக்கட்டும்.

தீவுகளிலிருந்து வருகிறவருக்கோ முதலில் வேண்டியது வண்டி அல்ல, ஏடு. கப்பலேறியவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எழுதிய பதிவுகள் எஞ்சியிருக்குமளவும் அவற்றைத் தமிழிலும் பிரெஞ்சிலும் படித்துக் காட்டத் தெரிந்த இளைஞர் நால்வரைப் புதுச்சேரி அரசு சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். ஒரு விடுதியின் முகப்புக்கு வர்ணம் பூசும் செலவுகூட அதற்கு ஆகாது. ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால் மிகுதி வேலை சுலபம். அந்த ஊரில் ஏதேனும் ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், வந்தவருடைய முகத்தை ஏற இறங்கப் பார்த்து, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்.