துருவின் திசை

தானாக நடக்கக்கூடிய வேதிவினை எது என்று கட்டிலா ஆற்றல் சொல்லிவிடும். எப்போது நடந்து முடியும் என்று சொல்லாது. அந்த இடைவெளியில்தான் நம் பாலங்களும் வீடுகளும் நிற்கின்றன.

நியூ டவுன், கொல்கத்தா: மழைக்காலத்தில் இந்தப் புறநகரில் கட்டட வேலை நடக்கும் எந்த மனைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஆலையிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்திறங்கிய முறுக்குக் கம்பிகள் சில நாட்களிலேயே செம்பழுப்பாகிவிடுகின்றன. யாரும் தீ மூட்டவில்லை, அமிலம் ஊற்றவில்லை. காற்றும் ஈரமும் போதும். வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு உதிர்கிறது. அடுத்த மழையில் மறுபடி வருகிறது.

எதிர்த்திசையில் இது நடந்து யாரும் பார்த்ததில்லை. துருப்பிடித்த கம்பி எத்தனை வருடம் கிடந்தாலும் தானாக மீண்டும் இரும்பாகாது. ஏன் இந்த ஒருவழிப் பாதை? பிளஸ் டூ மாணவர்கள் ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்யும் கட்டிலா ஆற்றல்தான் பதில்.

வினை நடக்கும்போது வெப்பம் வெளியேறினால் அது தானாக நடக்கும் என்றுதான் முதலில் தோன்றும். 112 கிராம் இரும்பு ஆக்சிஜனுடன் முழுமையாகச் சேர்ந்து ஆக்சைடானால் வெளிவரும் வெப்பம் 824 கிலோ ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஆனால் வெப்பம் மட்டுமே தீர்ப்பு சொல்வதில்லை. மேசை மீது வைத்த ஐஸ் கட்டி சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு உருகுகிறது. அதுவும் தானாகத்தான் நடக்கிறது. அங்கே தீர்மானிப்பது 'என்ட்ரோபி' எனப்படும் துகள்களின் சிதறல். பனிக்கட்டியில் அணிவகுத்து நின்ற மூலக்கூறுகள் நீரில் கலைந்து திரிகின்றன.

இரும்பின் கதை நேர்மாறு. காற்றில் திரிந்த ஆக்சிஜன் திடப்பொருளுக்குள் சிறைப்படுகிறது, சிதறல் குறைகிறது. அதற்கு ஈடாக 82 கிலோ ஜூலைச் சுற்றுப்புறத்துக்கு வெப்பமாகக் கொடுத்தே ஆகவேண்டும். 25 டிகிரி செல்சியஸில் கணக்குப் பார்த்தால் மீதி 742 கிலோ ஜூல். கட்டிலா ஆற்றலில் ஏற்படும் குறைவு இதுதான். ஆங்கிலப் பெயரில் உள்ள 'ஃப்ரீ' என்ற சொல்லைப் பார்த்து இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. வேலை செய்வதற்குத் தடையின்றிக் கிடைக்கும் பங்கு என்பதே பொருள். 1870-களில் இந்தக் கணக்கை வகுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசையா வில்லர்ட் கிப்ஸ். கட்டிலா ஆற்றல் குறையும் திசையில் வினை தானாக நடக்கும். கூடும் திசையில் செலுத்த வேண்டுமானால் வெளியிலிருந்து ஆற்றலைச் செலவிட வேண்டும். ஊது உலையில் கரியைக் கொட்டித் தாதுவை இரும்பாக்குவது அந்தச் செலவுதான்.

திசை வேறு, வேகம் வேறு

பாடநூல்கள் பயன்படுத்தும் 'தன்னிச்சை வினை' என்ற சொல் சிலரைத் திசைதிருப்பிவிடுகிறது. தன்னிச்சை என்றால் உடனே நடப்பது என்று பொருளல்ல. வைரத்தை விட கிராஃபைட்டுக்குக் கட்டிலா ஆற்றல் குறைவு. கணக்குப்படி மோதிரத்தில் உள்ள வைரம் பென்சில் கரியாக மாற வேண்டும். மாறுவதில்லை. இடையில் உள்ள தடை அத்தனை உயரம். அலுமினியம் இன்னொரு உதாரணம். ஆக்சிஜன் மீது இரும்பை விட அதற்கு மோகம் அதிகம். ஆனாலும் சமையலறைப் பாத்திரம் கரைந்துவிடுவதில்லை. மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலமே கவசமாக ஒட்டிக்கொள்கிறது. இரும்பின் துரு அப்படி ஒட்டுவதில்லை. உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கிறது.

வேகத்தை மனிதர்கள் கூட்டவும் முடியும். நியூ டவுனுக்கு மேற்கே, ஹூக்ளி நதி மீது 1943-ல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. பாதசாரிகள் துப்பும் பான் எச்சில் அதன் தொங்கு தூண்களின் அடியில் உள்ள எஃகு உறைகளை அரித்து, சில ஆண்டுகளில் தடிமனைப் பாதியாக்கிவிட்டதாக 2010-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அடிப்பகுதிக்கு ஃபைபர் கிளாஸ் உறை போட வேண்டியதாயிற்று.

நதியின் ஈரத்துக்கே இந்த நிலை என்றால் கடலின் உப்புக்குச் சொல்லவே வேண்டாம். 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் இந்தக் கணக்கோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், துருவேறலும் ஒரு மின்வேதி வினைதான். 2022 டிசம்பரில் அங்கே ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தரப்பட்டுள்ளன. அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பாலத்துக்கு அருகே மண்டபத்தில் அரிப்பைப் பற்றி ஆராய ஒரு நிலையமே வைத்திருக்கிறது.

இத்தனை முயற்சியிலும் 742 என்ற எண்ணை யாரும் மாற்றிவிடவில்லை. பூச்சு ஆக்சிஜனையும் ஈரத்தையும் தள்ளி நிறுத்துகிறது. துத்தநாக முலாம் இரும்புக்குப் பதில் தன்னைப் பலி கொடுக்கிறது. திசை அப்படியே இருக்கிறது, வேகம் மட்டும் குறைகிறது. இந்தப் போராட்டத்தின் செலவும் சிறியதல்ல. உலகப் பொருளாதார உற்பத்தியில் சுமார் 3.4 சதவீதத்தை அரிப்பு விழுங்குவதாக அரிப்புப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான நேஸ் 2016-ல் கணித்தது.

நியூ டவுனின் அடுக்குமாடிகளும் இந்த விதிக்கு விலக்கல்ல. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு தடிமனோ, அவ்வளவு தாமதமாக அது கம்பியைத் தொடும். தூணில் குறைந்தது 40 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. அதற்காகத்தான் கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே 'கவர் பிளாக்' எனப்படும் சிறு சிமென்ட் கட்டியைச் செருகுகிறார்கள். அதில் மிச்சம் பிடித்தால் துரு சீக்கிரமே கம்பியைப் பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும். தூண் வெடிக்கும், கூரை பெயரும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் டைல்ஸையும் லிஃப்ட்டையும் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்கலாம். கான்கிரீட் ஊற்றிய பிறகு கேட்டால் பதில் கண்ணுக்குத் தெரியாது.