விமானிக்குக் கண்ணாக நிற்பவர்

விமானம் பின்னோக்கித் தள்ளப்படும்போது, அதன் சக்கரங்களும் வால் பகுதியும் விமானியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழே நிற்கும் தரைப் பணியாளரே அவருக்குக் கண். இருவரும் ஹெட்செட் வழியே பேசிக்கொள்வர். "பிரேக் விடுவிக்கப்பட்டது" என்று விமானி சொன்ன பிறகே இழுவை வண்டி விமானத்தைத் தள்ளும்.

அப்போது விமானியின் திருப்புவிசை இயங்காதிருக்க, முன்சக்கரப் பகுதியில் சிவப்பு நாடா கட்டிய ஆணி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றி உயர்த்திக் காட்டுவார் பணியாளர். விமானி அதைக் கண்டு கையசைப்பார். பிறகே விமானம் நகரும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டால் என்னவாகும்?

பிரிஸ்பேன் விமான நிலையத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களில் குளவிகள் கூடு கட்டுவதுண்டு. அதனால் நிறுத்தி வைத்த விமானங்களில் அக்குழாய்களுக்கு உறை மாட்டுவர். 2018 ஜூலை 18 இரவு, அந்த உறைகள் கழற்றப்படாமலேயே மலேசியா ஏர்லைன்சின் ஏர்பஸ் ஏ330 விமானம் கோலாலம்பூருக்குக் கிளம்பியது. வானில் வேகம் சரியாகத் தெரியவில்லை. விமானிகள் சுமார் ஒரு மணி நேரத்தில் பத்திரமாகத் திரும்பி இறங்கினர். எவருக்கும் காயமில்லை.

விமானிகள், தரைப் பணியாளர்கள் ஆகிய இரு தரப்பின் சோதனைகளிலும் குறை இருந்ததை ஆஸ்திரேலிய விசாரணை கண்டறிந்தது.

'மற்றவர் பார்த்திருப்பார்' என்று எண்ணாமல், கேட்டு உறுதி செய்வதே பாதுகாப்பு.